டெஸ்டிங் இன்டர்வியூவுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது, என்ன படிக்கலாம்?

கேள்வி கேட்டவர் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்து ஒரு வருடம் ஆகிறது. மூன்று மாத சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸும் முடித்திருக்கிறார். சென்னையில் ஒரு கம்பெனியில் டெஸ்டர் வேலைக்கு இரண்டு வாரத்தில் இன்டர்வியூ. கையால் சோதிக்கும் மேனுவல் டெஸ்டிங் முக்கியம், பிரவுசரைத் தானாக ஓட்டிச் சோதிக்கும் செலினியம் என்ற கருவி தெரிந்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். முந்நூறு கேள்வி பதில் உள்ள ஒரு பிடிஎஃப்பை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாராம். "இது போதுமா அக்கா? இங்கிலீஷில் பேசவும் பயமாக இருக்கிறது" என்கிறார்.

போதாது. அந்த பிடிஎஃப் கேள்வி கேட்கும் எங்களிடமும் இருக்கிறது. நான் பதின்மூன்று வருடமாக டெஸ்டர். கடைசி ஆறு வருடமாக புதியவர்களை எடுக்கும் இன்டர்வியூவிலும் உட்காருகிறேன். "ரிக்ரஷன் டெஸ்டிங் என்றால் என்ன?" என்று கேட்டதும் இரண்டு வரி விளக்கம் மழை மாதிரி கொட்டும். அடுத்து நான் கேட்பது இது: "சரி, லாகின் பக்கத்தில் ஒரு பக், அதாவது பிழை, இருந்தது, நேற்று டெவலப்பர் சரி செய்துவிட்டார். சரி செய்த பதிப்பு, அதாவது பில்ட், இன்று காலை உங்கள் கையில். எதையெல்லாம் பார்ப்பீர்கள்?" பெரும்பாலும் இங்கேதான் பேச்சு நின்றுபோகிறது. அந்த பக் போய்விட்டதா என்று பார்ப்பது ரீடெஸ்ட். அதைச் சரி செய்த கையோடு பாஸ்வேர்டு மறந்தவருக்கான வழி, ஓடிபி, லாக்அவுட், மொபைல் ஆப்பில் அதே லாகின் இவற்றில் எதுவும் உடைந்துவிடவில்லையே என்று பார்ப்பது ரிக்ரஷன். இதை உங்கள் வார்த்தையில், ஒரு உதாரணத்தோடு சொன்னால் விளக்கமே தேவையில்லை.

இன்டர்வியூவில் நாங்கள் தேடுவது ஒன்றைத்தான். ஒரு பொருளைப் பார்த்தால் இவருக்குச் சந்தேகம் வருகிறதா, அந்தச் சந்தேகத்தை அடுத்தவருக்குப் புரியும்படி சொல்லத் தெரிகிறதா. மற்றதெல்லாம் வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம்.

எங்கள் இன்டர்வியூ அறை மூலையில் ஒரு தண்ணீர் டிஸ்பென்சர் நிற்கும். சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என்று இரண்டு குழாய். ஒரு நாள், வந்த எல்லோரிடமும் "இதை டெஸ்ட் செய்யுங்கள்" என்றேன். நான்கு பேர் உட்கார்ந்த இடத்திலேயே அடுக்க ஆரம்பித்தார்கள். குழாயை அழுத்தினால் தண்ணீர் வருகிறதா, சிவப்பில் சூடாக வருகிறதா, நீலத்தில் குளிர்ச்சியாக வருகிறதா. ஐந்தாவதாக வந்த பெண் எழுந்து அதன் பக்கத்தில் போய் நின்றார். "இதை எங்கே வைக்கப் போகிறீர்கள் மேடம், யார் பிடிப்பார்கள்?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி வராண்டாவில் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். குழந்தை சிவப்புக் குழாயை இழுத்தால் கொட்டாமல் இருக்க பூட்டு உண்டா, கையில் ட்ரிப்ஸ் ஊசி இருப்பவர் ஒரு கையால் பிடிக்க முடியுமா, கேன் காலியான பிறகு ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்குமா, கரண்ட் போய் வந்தால் தானாக வேலை செய்யுமா என்று வரிசையாகக் கேட்டார். குனிந்து பின்பக்கம் பார்த்துவிட்டு, "கேன் மாற்றும்போது தண்ணீர் சிந்தும், பிளக் பாயின்ட் ரொம்பக் கீழே இருக்கிறது" என்றார். செலினியத்தில் அவர் சுமார்தான். அவரைத்தான் எடுத்தோம்.

அதனால் முதல் வாரம் முழுக்க பிடிஎஃப்பை மூடி வையுங்கள். விதிகள் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை எடுத்து, எதைக் கொடுத்தால் என்ன வர வேண்டும் என்ற டெஸ்ட் கேஸ் எழுதுங்கள். நான் சொல்வது ரயில் டிக்கெட் முன்பதிவு. காகிதத்தில் எழுதினால் போதும், உண்மையான தளத்தில் தட்டிப் பார்க்க வேண்டாம்.

விதிகளைப் பாருங்கள். சாதாரண முன்பதிவில் ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை போகலாம், தட்கலில் நான்கு பேர். 2024 நவம்பர் 1 முதல், பயண நாளைச் சேர்க்காமல் 60 நாள் முன்னதாகப் பதிவு திறக்கிறது. அதற்கு முன் 120 நாளாக இருந்தது. தட்கல் முந்தின நாள் ஏசிக்குக் காலை 10 மணிக்கும், ஏசி இல்லாத வகுப்புக்கு 11 மணிக்கும் திறக்கும். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் தேவையில்லை. 5 முதல் 11 வரை தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி. 12 ஆனால் பெரியவர் கணக்கு.

வயது என்ற ஒரே கட்டத்தில் மூன்று பிரிவு வந்துவிட்டது. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு மதிப்பை எடுத்துப் பார்த்தால் அது ஈக்விவலன்ஸ் பார்ட்டிஷனிங். 4, 5, 11, 12 என்று ஓரங்களைப் பார்த்தால் பவுண்டரி வேல்யூ. ஓரங்களில் ஏன் பக் வருகிறது? டெவலப்பர் "5-க்கு மேல்" என்று எழுதிவிட்டாரா, "5 அல்லது அதற்கு மேல்" என்று எழுதினாரா என்ற ஒரு குறியில்தான் தப்பு நடக்கும். 8 வயதைப் போட்டுப் பார்த்தால் இரண்டுமே சரியாகத்தான் ஓடும். வயதும் பெர்த் வேண்டுமா என்பதும் சேர்ந்து கட்டணத்தை முடிவு செய்கின்றன, எந்தச் சேர்க்கைக்கு எவ்வளவு கட்டணம் என்று அட்டவணை போடுங்கள், அதுதான் டிசிஷன் டேபிள். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் ஆர்ஏசி ஆகும், ஆர்ஏசி கன்ஃபர்ம் ஆகும், எது வேண்டுமானாலும் கேன்சல் ஆகலாம். கேன்சல் ஆனது மறுபடி கன்ஃபர்ம் ஆகக் கூடாது. இதைப் படமாக வரைந்தால் ஸ்டேட் ட்ரான்ஸிஷன். சிலபஸில் பயமுறுத்தும் நான்கு பெயர்களும் முடிந்துவிட்டன.

அடுத்ததுதான் ருசியான பகுதி. குழந்தைக்கு இன்று நான்கு வயது. பயணம் 45 நாள் கழித்து. நடுவில் ஐந்தாவது பிறந்தநாள் வருகிறது. பதிவு செய்யும் நாளின் வயதா, பயண நாளின் வயதா? தட்கல் 10 மணிக்குத் திறக்கும் என்றால் யாருடைய கடிகாரத்தில் 10 மணி? போனில் நேரத்தை ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தால் கதவு திறந்துவிடுமா? கடைசி ஒரு பெர்த்தை இரண்டு பேர் ஒரே நொடியில் அழுத்தினால்? வங்கிக் கணக்கில் பணம் கழிந்த பிறகு, டிக்கெட் வரும் முன் நெட் போனால்? இவற்றில் சிலவற்றுக்கு உங்களிடம் பதில் இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை. "இது தேவைப் பட்டியலில் (ரிக்வயர்மென்ட்) இல்லை, அதை எழுதிய பிசினஸ் அனலிஸ்டிடம் கேட்பேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்கு எங்கள் தாளில் நல்ல மதிப்பெண் உண்டு.

இரண்டாவது வேலை, உண்மையில் ஒன்றை ஓட்டி, பக் பிடித்து, எழுதுவது. பழகுவதற்கென்றே இலவசத் தளங்கள் இருக்கின்றன. சாஸ் டெமோ என்ற பொய்க் கடை ஒன்று உண்டு. அதில் ஸ்டாண்டர்ட் யூசர், லாக்டு அவுட் யூசர், ப்ராப்ளம் யூசர் என்று பல பெயரில் லாகின் செய்து பார்க்கலாம், பாஸ்வேர்டு லாகின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். ப்ராப்ளம் யூசராகப் போனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே படம் வரும். வேண்டுமென்றே வைத்த பக் அது. இன்னும் இருக்கின்றன, நீங்களே தேடுங்கள். ஐந்து பக் பிடித்து எழுதி, ஒரு கூகுள் ஷீட்டில் வைத்து, லிங்க்கை ரெஸ்யூமேயில் போடுங்கள். அனுபவம் இல்லாத ஒருவரிடம் காட்ட எதுவும் இருக்காது என்று நினைத்துத்தான் நாங்கள் உட்காருகிறோம். ஐந்து பக் ரிப்போர்ட் இருந்தால் மீதிப் பேச்சு அதைப் பற்றியே போகும். அது உங்களுக்குத் தெரிந்த நிலம்.

பக் எழுதுவதில் தலைப்புதான் பாதி வேலை. "பேமெண்ட் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் டெவலப்பர் தன் கம்ப்யூட்டரில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, இங்கே நன்றாகத்தான் ஓடுகிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்:

தலைப்பு: பணம் செலுத்தி முடித்த பிறகு 'பேக்' பட்டனை அழுத்தினால் அதே ஆர்டருக்கு இரண்டாவது முறை பணம் எடுக்கப்படுகிறது.
எங்கே: டெஸ்ட் சர்வர், பில்ட் எண், ஆண்ட்ராய்டு 14, குரோம்.
செய்தது: 1. ஒரு பொருளைக் கூடையில் போட்டு பணம் செலுத்தினேன். 2. 'ஆர்டர் முடிந்தது' பக்கம் வந்ததும் போனின் பேக் பட்டனை அழுத்தினேன். 3. திறந்த பக்கத்தில் மறுபடி 'செலுத்து' அழுத்தினேன்.
வர வேண்டியது: இந்த ஆர்டருக்குப் பணம் கட்டியாகிவிட்டது என்ற செய்தி.
வந்தது: இரண்டாவது முறையும் பணம் எடுக்கப்பட்டது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் வந்தது.

கடைசி வரியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். எத்தனை முறைக்கு எத்தனை முறை வந்தது என்பது டெவலப்பருக்குத் தங்கம்.

சிவியரிட்டி (பாதிப்பு எவ்வளவு பெரியது), பிரையாரிட்டி (எவ்வளவு சீக்கிரம் சரி செய்ய வேண்டும்) வித்தியாசம் கட்டாயம் கேட்பார்கள். கம்பெனி லோகோவில் எழுத்துப் பிழை என்ற உதாரணத்தை நாள் முழுக்கக் கேட்கிறோம், தயவுசெய்து வேறு சொல்லுங்கள். பிப்ரவரி 29-ல் பிறந்தவர் தன் விவரப் பக்கத்தைத் திறந்தால் ஆப் மூடிக்கொள்கிறது. சிவியரிட்டி அதிகம், ஆனால் அப்படிப் பிறந்தவர்கள் சிலர்தான் என்பதால் அடுத்த ரிலீஸ் வரை தள்ளலாம். தீபாவளித் தள்ளுபடி பேனரில் 20 சதவீதத்துக்குப் பதில் 200 சதவீதம் என்று இருக்கிறது. எந்த வசதியும் உடையவில்லை, ஆனாலும் பத்து நிமிடத்தில் மாற்றியாக வேண்டும்.

நம் ஊரில் வளர்ந்தவருக்கு மட்டும் உடனே கண்ணில் படும் பக் ஒன்று இருக்கிறது. அதை இன்டர்வியூவில் தாராளமாகச் சொல்லுங்கள். நம்மில் பலருக்கு குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். 'கடைசிப் பெயர் கட்டாயம், குறைந்தது இரண்டு எழுத்து' என்று கேட்கும் படிவத்தில் 'எஸ்' என்ற ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? தமிழில் பெயர் எழுத அனுமதித்தால் இன்னும் இருக்கிறது. தமிழ்ச்செல்வி என்ற பெயரில் நாம் எண்ணினால் ஏழு எழுத்து. ஜாவா நிரலில் நீளம் கேட்டால் 13 என்று சொல்லும். புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. பத்து எழுத்துக்கு மேல் வெட்டு என்று நிரல் எழுதியிருந்தால் பெயர் பாதியில் நிற்கும். 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு ஓகாரக் குறி ஒன்றாகப் போகலாம், இல்லை இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாகப் போகலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் கோமதி என்று தேடினால் பாதிக் கோமதிகள் கிடைக்க மாட்டார்கள். சொந்த மொழியைக் கவனித்து ஒரு டெஸ்ட் கேஸ் சொன்ன பிள்ளையை நான் மறந்ததே இல்லை.

"டெஸ்டிங் ஏன் தேவை?" என்ற பொதுக் கேள்வி வந்தால் தரம், வாடிக்கையாளர் திருப்தி என்று தொடங்காமல் ஒரு சம்பவம் சொல்லுங்கள். 1996 ஜூன் 4-ல் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் வெடித்தது. ஏரியன் 4-ல் நன்றாக ஓடிய மென்பொருளை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புது ராக்கெட் பக்கவாட்டில் வேகமாகப் போனது. அந்த வேகத்தைக் குறிக்கும் 64 பிட் எண்ணை 16 பிட் இடத்தில் போட முயன்றபோது இடம் போதவில்லை, வழிகாட்டும் கருவி நின்றுபோனது. அந்தப் பழைய மென்பொருளை ஏரியன் 5 பறக்கும் பாதையின் எண்களோடு ஓட்டிப் பார்க்கவில்லை. பவுண்டரி வேல்யூவும் ரிக்ரஷனும் எதற்கு என்று அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வாரம் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி), ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி), செலினியம்.

எஸ்க்யூஎல்லில் புதியவரிடம் பெரிதாகக் கேட்பதில்லை. செலக்ட், வேர், குரூப் பை, ஹேவிங், ஜாயின், அவ்வளவுதான். இரண்டாவது அதிக சம்பளம் எது என்று எடுக்கச் சொல்வார்கள். எழுதும் முன் "அதிகபட்ச சம்பளத்தை இரண்டு பேர் வாங்கினால் என்ன செய்ய?" என்று திருப்பிக் கேளுங்கள். லெஃப்ட் ஜாயினைப் புரிந்து படியுங்கள். பணம் கட்டியும் டிக்கெட் வராதவர்கள் யார் என்று கண்டுபிடிக்க, பணம் டேபிளையும் டிக்கெட் டேபிளையும் லெஃப்ட் ஜாயின் செய்து, டிக்கெட் பக்கம் காலியாக (NULL) இருக்கும் வரிகளை எடுப்போம். வேலையில் நான் அடிக்கடி எழுதும் வினவல் அதுதான்.

ஏபிஐக்கு போஸ்ட்மேன் என்ற கருவியைப் போட்டு, ரெஸ்ட்ஃபுல் புக்கர் என்ற பயிற்சித் தளத்தில் ஒரு பதிவை உருவாக்கி, மாற்றி, அழித்துப் பாருங்கள். அழித்தால் சர்வரிடமிருந்து 201 என்ற எண் பதிலாக வரும். 201 என்றால் புதிதாக ஒன்று உருவானது என்று பொருள். அழித்ததற்கு அது ஏன் வருகிறது என்று உங்களுக்கு உறுத்தினால் சரியான வேலைக்குத்தான் வருகிறீர்கள். 401-க்கும் 403-க்கும் உள்ள வித்தியாசத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 401 என்றால் நீ யாரென்றே தெரியவில்லை. 403 என்றால் தெரியும், ஆனால் உனக்கு அனுமதி இல்லை.

செலினியத்தில் உங்கள் கோர்ஸில், குரோமை ஓட்ட உதவும் குரோம் டிரைவரை இறக்கி அதன் பாதையைக் கோடில் எழுதச் சொல்லியிருக்கலாம். 2022-ல் வந்த 4.6 பதிப்பிலிருந்து செலினியம் மேனேஜரே அதைப் பார்த்துக்கொள்கிறது. இது தெரிந்தவர் கையால் ஓட்டியிருக்கிறார் என்று எங்களுக்குப் புரியும். காத்திருப்பு பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். த்ரெட் ஸ்லீப்பில் ஐந்து நொடி போட்டால், பட்டன் ஒரு நொடியில் வந்தாலும் ஐந்து நொடி சும்மா நிற்கும், ஆறாவது நொடியில் வந்தால் டெஸ்ட் விழும். எக்ஸ்ப்ளிசிட் வெயிட் பட்டன் வந்தவுடன் நகரும். ஸ்டேல் எலிமென்ட் பிழையையும் ஒரு தடவை நீங்களே வரவழைத்துப் பாருங்கள். பட்டன் மாதிரி பக்கத்தில் உள்ள ஒரு எலிமென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்து, பழையதையே கிளிக் செய்தால் வந்துவிடும். ஸ்ட்ரிங்கைத் திருப்பிப் போடு, எந்த எழுத்து எத்தனை முறை வந்தது என்று எண்ணு என்ற அளவு ஜாவாவும் வேண்டும். லாகின் டெஸ்ட் ஒன்றை எதையும் பார்க்காமல் எழுத வந்தால் புதியவருக்கு அது போதும்.

ஐஎஸ்டிக்யூபி என்ற டெஸ்டிங் சான்றிதழ் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். 40 கேள்வியில் 26 எடுத்தால் தேர்ச்சி, பிறகு எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதன் முதல் நிலையான ஃபவுண்டேஷன் சிலபஸ் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் அத்தியாயத்தையும் நான்காவதையும் படித்தால் அந்த பிடிஎஃப்பை விட நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இரண்டு வருட அனுபவம் சேர்த்துத் தருகிறோம், இவ்வளவு பணம் கட்டு என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பிஎஃப் கணக்கில் எந்த கம்பெனியில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வேலை செய்தீர்கள் என்பது வரிசையாக இருக்கும். பின்னணிச் சரிபார்ப்பில் அதைக் கேட்பார்கள். வேலையில் சேர்ந்து நான்கு மாதம் கழித்து, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு பையன் இதனால் ஒரே நாளில் பையை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். படிப்பு முடிந்து ஒரு வருடம் சும்மா இருந்தது குற்றம் இல்லை. "கோர்ஸ் படித்தேன், இதோ நான் பிடித்த பக்" என்று சொல்லுங்கள்.

இங்கிலீஷ் பயத்துக்கு என்னிடம் இருக்கும் மருந்து பக் ரிப்போர்ட்தான். நீங்கள் எழுதிய ஐந்தையும் இங்கிலீஷில் எழுதி, தினமும் ஒன்றைப் போனில் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். என்ன செய்தேன், என்ன வர வேண்டும், என்ன வந்தது என்ற மூன்று வாக்கியம்தான். டெஸ்டர் வேலையில் பேச வேண்டிய இங்கிலீஷில் பெரும்பகுதி அதுதான். இலக்கணம் கொஞ்சம் தடுமாறினால் நாங்கள் கண்டுகொள்வதில்லை. கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்துகொள்ள என்ன செய்வேன் என்று ஒரு வரி சேருங்கள்.

கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். ஒன்றுமில்லை என்று எழுந்துவிடாதீர்கள். பில்ட் கைக்கு வந்ததிலிருந்து ரிலீஸ் வரை டெஸ்டருக்கு எத்தனை நாள் கிடைக்கும் என்று கேளுங்கள். ரிலீஸ் வேண்டாம் என்று டெஸ்டர் சொல்லியும் அது போன சமயம் உண்டா, அப்போது என்ன நடந்தது என்றும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலையும், சொல்லும்போது அவர்கள் முகத்தையும் கவனியுங்கள். அந்த டீமில் சேரலாமா என்று முடிவு செய்ய உங்களுக்கும் விவரம் வேண்டும் அல்லவா.